கீமோபோர்ட்டும் ஹூபர் ஊசியும்: குழந்தைப் புற்றுநோய் வார்டுக்கு வர நினைக்கும் செவிலியருக்கான மதிப்புரை

குழந்தைப் புற்றுநோய் வார்டில் வேலைக்குச் சேரலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது "மனசு தாங்குமா?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் சேர்ந்த பிறகு ஷிஃப்ட் முழுக்கக் காதில் விழுவது வேறு கேள்வி: "பிளட் ரிட்டர்ன் வருதா?" (சிரிஞ்சால் இழுத்தால் ரத்தம் திரும்பி வருகிறதா என்று பொருள்.) இந்த வேலையின் பாதி, குழந்தையின் மார்பில் தோலுக்கு அடியில் இருக்கும் ஒரு சின்ன டப்பாவைச் சுற்றி நடக்கிறது. அந்த டப்பாவையும், அதில் குத்தும் ஊசியையும், அவற்றோடு போட்டி போடும் மற்ற லைன்களையும் (மருந்து செலுத்தச் சிரைக்குள் போடும் குழாய்கள்) பற்றியது இந்த மதிப்புரை. இதைப் படித்துவிட்டு "இந்த அளவு நுணுக்கமா!" என்று ஆர்வம் வந்தால் வேலை உங்களுக்குப் பிடிக்கும். எரிச்சல் வந்தால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பொருள் என்ன?

கீமோபோர்ட் என்பது டைட்டானியத்திலோ கெட்டி பிளாஸ்டிக்கிலோ செய்த ஒரு சிறு கிண்ணம். அதன் மேல்மூடி தடித்த சிலிக்கான் ரப்பர். இதை செப்டம் என்கிறோம். கிண்ணத்தின் பக்கவாட்டிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய் கழுத்துச் சிரை வழியாகவோ காரை எலும்புக்கு அடியிலுள்ள சிரை வழியாகவோ இறங்கி, மேற்பெருஞ்சிரை இதயத்தின் வலது மேலறையைத் தொடும் இடத்தில் முடிகிறது. அங்கே ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் மருந்து விழுந்த கணமே நீர்த்துப்போகும். முழுச் சாதனமும் தோலுக்கு உள்ளே. வெளியே தெரிவது ஒரு மேடும் ஒரு தழும்பும் மட்டுமே.

இது இல்லாமல் ஏன் முடியாது என்பதற்கு இரண்டு காரணங்கள். குழந்தைகளுக்கு அதிகம் வரும் புற்றுநோயான நிணநீர்ச் செல் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடும். அத்தனை காலம் கைச்சிரைகள் தாங்காது. இரண்டாவது, வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின், டானோரூபிசின், ஆக்டினோமைசின் போன்ற மருந்துகள் சிரைக்கு வெளியே கசிந்தால் திசு வெந்து அழுகிப்போகும். புறங்கைச் சிரையில் போட்ட சிறு குழாயான கேனுலாவை நம்பி இவற்றை அடிக்கடி செலுத்துவது சூதாட்டம்.

தோலுக்கு வெளியே தொங்கும் லைன்கள் முதலில் வந்தன: ப்ரோவியாக் 1973-இல், ஹிக்மேன் 1979-இல். முழுக்கத் தோலுக்குள் போகும் போர்ட் பற்றிய முதல் அறிக்கை 1982-இல் வந்தது. மூன்றும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. ஒன்று மற்றொன்றை ஒழிக்கவில்லை என்பதே ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு என்பதற்குச் சாட்சி.

போர்ட்டா, ஹிக்மேனா, பிக் லைனா?

எங்கள் கணிப்பில் நீண்டகாலச் சிகிச்சைக்கு, அதுவும் இடையிடையே வீட்டுக்குப் போய் வரும் குழந்தைக்கு, போர்ட்தான். ஊசி இல்லாத நாட்களில் குளிக்கலாம், ஓடலாம், பள்ளிக்குப் போகலாம், புண் ஆறி மருத்துவரும் சரி என்றால் நீந்தலாம். வீட்டில் டிரெஸ்ஸிங் வேலை இல்லை. தொற்று விகிதமும் வெளி லைன்களைவிடக் குறைவு.

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்றால் கதை மாறும். ஒரே நேரத்தில் ஊட்டத் திரவம், நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து, ஆன்டிபயாட்டிக், ரத்தம், பிளேட்லெட் என வரிசை கட்டி நிற்கும். அப்போது இரண்டு, மூன்று வழி கொண்ட ஹிக்மேன் வசதி. ரத்தம் எடுக்கக் குத்தவே வேண்டாம், குழந்தை தூங்கும்போதே எடுக்கலாம். ஊசி என்றாலே நடுங்கும் குழந்தைக்கு இது பெரிய விஷயம். குறை என்னவென்றால் இழுபடும், நனையும், வாய்க்குப் போகும். குழாயில் இருக்கும் சிறு துணிப்பட்டையைச் சுற்றித் திசு வளர்ந்து பிடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தையல்தான் துணை. தவழும் குழந்தைக்கு ஹிக்மேன் போட்டால் சட்டைக்குள் சுருட்டிப் பொதிந்து வைப்பதே தனி வேலை.

கையில் போடும் பிக் லைன் சில வாரங்கள், சில மாதங்கள் ஓட்ட உதவும். மயக்க மருந்து கொடுக்க முடியாத நிலையில் வரும் குழந்தைக்கு, உதாரணமாக மார்புக்குள் பெரிய கட்டி மூச்சுக்குழாயை நசுக்கிக்கொண்டிருந்தால், முதல் நாட்களை இது கடத்திவிடும். ரத்த உறைவு வரும் வாய்ப்பு உண்டு, குழாய் மெலிது, வாராவாரம் டிரெஸ்ஸிங். அவ்வளவுதான்.

ஊசிதான் உண்மையான பரீட்சை

போர்ட்டை வாங்குவதும் பதிப்பதும் அறுவை சிகிச்சை மருத்துவரின் பாடு. செவிலியரின் கையில் இருப்பது ஹூபர் ஊசி. சாதாரண ஊசியின் நுனி ரப்பரை நறுக்கி ஒரு துணுக்கைத் தோண்டி எடுத்துவிடும். ஹூபர் ஊசியின் நுனி சற்றே வளைந்திருப்பதால் ரப்பரைப் பிளந்து ஒதுக்கி உள்ளே போகும், எடுத்ததும் பிளவு மூடிக்கொள்ளும். கேஜ் என்பது ஊசியின் தடிமன் அளவு, எண் குறையக் குறைய ஊசி தடிக்கும். 19 கேஜ் ஊசியால் சுமார் 1,000 தடவை, 22 கேஜ் ஊசியால் சுமார் 2,000 தடவை வரை குத்தலாம் என்று தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். வேறு ஏதோ பிரிவில் அவசரத்துக்கு யாரோ சாதாரண ஊசியால் குத்திவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் முடிந்தது. செப்டம் ஒழுகத் தொடங்கும், ரப்பர் துணுக்கு குழாய்க்குள் போகும். போர்ட் உள்ள குழந்தையை வேறு வார்டுக்கு அனுப்பும்போது ஊசியையும் கூடவே கொடுத்து அனுப்புவது நல்ல வார்டின் பழக்கம்.

கேஜைப் பொறுத்தவரை பெரும்பாலான குழந்தைகளுக்கு 22 போதும். ரத்தம் ஏற்ற 20 இருந்தால் வேகமாக ஓடும். 22-லும் ஏற்றலாம், நேரம் பிடிக்கும். ஒரு வண்ணக் குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். ஊசிகளின் வண்ணக் குறியீடு வேறு, கை கேனுலாக்களின் குறியீடு வேறு. ஊசியில் 22 கறுப்பு, 20 மஞ்சள். கேனுலாவில் 22 நீலம், 20 இளஞ்சிவப்பு, மஞ்சள் என்றால் 24. கேனுலாவிலேயே பழகிய கண் "மஞ்சள்தான் சின்னது" என்று டிரேயிலிருந்து எடுத்தால், குழந்தைக்குத் தேவையைவிடத் தடித்த ஊசி கையில் இருக்கும். வண்ணத்தை விட்டு உறையில் உள்ள எண்ணைப் படியுங்கள்.

கேஜைவிட நீளம்தான் ஆளைக் கவிழ்க்கும். அரை அங்குலம், முக்கால் அங்குலம், 1 அங்குலம் என்று வரும். ஊசியின் நுனி கிண்ணத்தின் அடித்தளத்தைத் தொட வேண்டும், அதே சமயம் ஊசியின் இறக்கை தோலோடு படிந்து உட்கார வேண்டும். குட்டையாக இருந்தால் நுனி செப்டத்துக்குள்ளேயே நின்றுவிடும். தள்ளினால் போகாது, இழுத்தால் வராது. குழாய் அடைத்துவிட்டது என்று நினைத்து அடைப்பு நீக்கும் மருந்தைத் தேடுவார்கள். தேவைப்படுவது கால் அங்குலம் நீளமான ஊசி. இதைவிட மோசம், முதலில் சரியாக ஓடி, குழந்தை குனிந்ததும் நுனி நழுவி, மருந்து தோலுக்கு அடியில் சேர்வது. மிக நீளமாக இருந்தால் ஊசி தோலுக்கு மேலே தூக்கி நிற்கும், ஒவ்வொரு அசைவிலும் ஆடும், செப்டத்தைக் கிழிக்கும். இடைவெளியில் பஞ்சு மடித்து வைத்து முட்டுக் கொடுப்பது தற்காலிக ஏற்பாடு. அதையே வழக்கமாக்கினால் குத்திய இடம் கண்ணில் படாது.

இதில் புதியவர்கள் கவனிக்காத ஒன்று: குழந்தையின் ஊசி நீளம் நிலையானதல்ல. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையின் முதல் கட்டத்தில் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோனோ டெக்ஸாமெத்தசோனோ வாரக்கணக்கில் போகும். பசி கிளம்பி, கன்னமும் மார்பும் உப்பி, போர்ட்டுக்கு மேல் கொழுப்பு சேரும். போன மாதம் அரை அங்குலம் சரியாக இருந்த குழந்தைக்கு இப்போது முக்கால் தேவைப்படலாம். அடுத்த கட்டத்தில் வாந்தியும் வாய்ப்புண்ணும் வந்து மெலிந்தால் மறுபடி அரைக்கு இறங்க வேண்டும். கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து மட்டும் எடுக்காமல், விரலால் தொட்டுப் பார்த்து எடுக்க வேண்டும்.

பாதுகாப்புப் பூட்டு உள்ள ஊசிக்கும் இல்லாததற்கும் விலை வித்தியாசம் உண்டு. இருந்தாலும் பூட்டு உள்ளதையே பரிந்துரைக்கிறோம். செப்டம் ஊசியை இறுகப் பிடித்திருக்கும். இழுக்கும்போது சட்டென்று விட்டுவிடும். கை பின்னால் எகிறி, அதே வேகத்தில் திரும்பி வந்து, போர்ட்டைப் பிடித்திருக்கும் மறுகையின் விரலில் குத்தும். செவிலியருக்கு ஊசிக்காயம் ஏற்படும் முக்கியமான வழி இது. பூட்டுள்ள ஊசியில் இழுக்க இழுக்க நுனி உறைக்குள் போய் 'கிளிக்' என்று மூடிக்கொள்ளும். அந்தச் சத்தம் வராமல் கையை எடுக்காதீர்கள்.

குத்தும் முறை

ஒவ்வொரு மருத்துவமனைக்கும் எழுதிய நெறிமுறை இருக்கும், அதுவே இறுதி. ஆனால் எங்கும் மாறாத எலும்புக்கூடு ஒன்று உண்டு.

மரத்துப்போகும் களிம்பு முதலில். லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த களிம்பைத் தடவி, மேலே ஒட்டும் படலம் போட்டு 60 நிமிடம் விட வேண்டும். 4 சதவீத லிடோகெய்ன் களிம்புக்கு 30 நிமிடம் போதும். இருபதாவது நிமிடத்திலேயே துடைத்துவிட்டுக் குத்தினால் களிம்பு வேலை செய்யாது, குழந்தையும் அடுத்த முறை களிம்பை நம்பாது. பிரிலோகெய்ன் உள்ள களிம்பைக் கைக்குழந்தைக்கு அளவு மீறித் தடவினால் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறையும். எடைக்கேற்ற அளவைப் பாருங்கள்.

கை கழுவி, மாஸ்க் போட்டு, டிரேயைத் திறந்து, கிருமி நீக்கிய கையுறை. ஊசியோடு வரும் குழாயில் சலைனை நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். 70 சதவீத ஆல்கஹாலில் 2 சதவீத குளோர்ஹெக்ஸிடின், 30 வினாடி அழுத்தித் தேய்த்து, தானாக உலர விடுங்கள். விசிறாதீர்கள், ஊதாதீர்கள், ஒற்றியெடுக்காதீர்கள். உலரும்போதுதான் அது கிருமியைக் கொல்கிறது. பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்தக் கலவை தோலைப் பொசுக்கக்கூடும், நெறிமுறையில் மாற்று இருக்கும்.

ஆதிக்கமில்லாத கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் கிண்ணத்தின் விளிம்பை முக்கோணமாகப் பிடியுங்கள். கிண்ணம் நகரக் கூடாது. ஊசியை நேர்செங்குத்தாக, தயங்காமல், ஒரே தள்ளலில் இறக்குங்கள். முதலில் தோல், பிறகு ரப்பரின் பிசுபிசுத்த எதிர்ப்பு, கடைசியில் அடித்தளத்தில் நுனி தட்டும் கெட்டியான உணர்வு. டைட்டானியத்தில் அது தெளிவாக விரலுக்கு வரும். பிளாஸ்டிக்கில் மந்தமாக இருக்கும். தயங்கித் தயங்கிக் குத்தினால் வலி இரட்டிப்பு. அடித்தளம் தட்டிய பிறகும் அழுத்தினால் நுனி மடங்கி, எடுக்கும்போது கொக்கிபோல் செப்டத்தைக் கிழிக்கும்.

இழுங்கள். ரத்தம் தாராளமாக வர வேண்டும். வந்தால் 10 மி.லி. சலைனை விட்டு விட்டுத் தள்ளுங்கள்: ஒரு மி.லி., ஒரு கணம் நிறுத்தம், மறுபடி. அந்த விட்டுவிட்டுப் போகும் சுழலில்தான் குழாயின் உட்சுவரில் ஒட்டிய ரத்தம் கழன்று போகும். சிரிஞ்ச் 10 மி.லி.க்குக் குறையக் கூடாது. காரணம் எளிய இயற்பியல்: அதே கட்டைவிரல் விசை, குறுகிய சிரிஞ்சில் சின்னப் பரப்பில் விழுவதால் அழுத்தம் பல மடங்கு ஏறும், அடைப்பு இருந்தால் குழாய் வெடிக்கும். 3 மி.லி. சலைன் அடைத்து வரும் சில சிரிஞ்சுகள் 10 மி.லி. குறுக்களவில் செய்யப்பட்டவை, அவை பரவாயில்லை.

மேலே ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங். ஊசியும் டிரெஸ்ஸிங்கும் 7 நாளுக்கு ஒருமுறை மாறும். அடியில் பஞ்சு போட்டுப் புண்ணை மறைத்தால் 2 நாள். ஓரம் தூக்கிவிட்டால் நாள் கணக்கு பார்க்காமல் அப்போதே.

எடுக்கும்போது சலைன், பிறகு ஹெப்பாரின் லாக் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைக் குழாயில் நிரப்பி மூடுவது), கடைசி அரை மி.லி. தள்ளிக்கொண்டிருக்கும்போதே கிளாம்ப். அழுத்தம் விட்டுப்போனால் ரத்தம் குழாய் நுனிக்குள் பின்வாங்கி உறையும். இங்கே ஒரு நிஜமான ஆபத்து உண்டு. ஹெப்பாரின் மி.லி.க்கு 10 யூனிட், 100 யூனிட், 1,000 யூனிட், 5,000 யூனிட் என்று கிடைக்கிறது. குப்பிகள் ஒன்றுபோல இருக்கும். போர்ட்டை மூட பொதுவாக 100 யூனிட், சின்னக் குழந்தைகளுக்கும் அடிக்கடி பயன்படும் லைனுக்கும் 10 யூனிட். 5,000 குப்பியிலிருந்து நீர்த்துத் தயாரிக்கும் வார்டாக இருந்தால் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். ஒருவர் போட்ட கணக்கை மற்றவர் "ஆமா, சரிதான்" என்று தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

பயன்படுத்தாத போர்ட்டை மாதம் ஒருமுறை ஃப்ளஷ் செய்வது, அதாவது சலைன் தள்ளிக் கழுவுவது, நெடுநாள் வழக்கம். பெரியவர்களில் மூன்று மாதம் வரை தள்ளலாம் என்று ஆய்வுகள் வந்துள்ளன. குழந்தைக்கு மருத்துவமனை சொல்வதைப் பின்பற்றுங்கள்.

எது கெட்டுப்போகும், ஏன்?

அதிகம் வரும் சிக்கல்: சலைன் போகிறது, ரத்தம் வரவில்லை. "போகுதுல்ல, மருந்தைப் போட்டுடலாம்" என்பது இந்த வார்டில் சொல்லக் கூடாத வாக்கியம். குழாய் நுனியில் ஃபைப்ரின் என்னும் புரத உறை படர்ந்திருக்கலாம். இழுத்தால் அது வால்வுபோல் மூடும், தள்ளினால் திறக்கும். திறந்தாலும் மருந்து அந்த உறைக்குள்ளேயே பின்னோக்கி ஓடி, குழாய் சிரைக்குள் நுழையும் இடத்தில் வெளியே கசியலாம். முதலில் செலவில்லாத வழிகள்: கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லுங்கள், இருமச் சொல்லுங்கள், பக்கம் திரும்பிப் படுக்கவையுங்கள், உட்கார வையுங்கள். சின்னக் குழந்தையைச் சோப்புக்குமிழி ஊதச் சொன்னால் மூச்சும் மாறும், கவனமும் மாறும். ஊசி நுனி அடித்தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் பிறகே மருத்துவரிடம் உறைவைக் கரைக்கும் மருந்தான அல்டிபிளேஸ் கேளுங்கள். 30 கிலோவுக்கு மேல் 2 மி.கி.; அதற்குக் கீழே குழாயின் கொள்ளளவில் 110 சதவீதம், ஆனால் 2 மி.கி.யைத் தாண்டாமல். 30 நிமிடம் கழித்து இழுத்துப் பார்த்து, வராவிட்டால் 120 நிமிடம் வரை விடுவது வழக்கம். அதற்கும் வழிக்கு வராவிட்டால் சாயம் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள்.

கையைத் தூக்கினால் ஓடுகிறது, இறக்கினால் நிற்கிறது என்றால் வேறு சந்தேகம் வர வேண்டும். காரை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே குழாய் நசுங்கிக்கொண்டிருக்கலாம். காலப்போக்கில் அது அறுந்து ஒரு துண்டு இதயத்துக்குள் போகும். இதை ஷிஃப்ட் மாறும்போது வாய்மொழியாக மட்டும் கடத்தாமல் எழுதிவையுங்கள்.

கிண்ணம் தலைகீழாகப் புரண்டிருந்தால் எந்தக் கோணத்தில் குத்தினாலும் கெட்டியாகத் தட்டும், செப்டத்தின் மென்மை விரலுக்குக் கிடைக்காது. மூன்றாவது முறை குத்த வேண்டாம். படம் எடுக்கச் சொல்லுங்கள்.

கசிவு நடந்துவிட்டால் மருந்தை நிறுத்துங்கள், ஊசியை உடனே பிடுங்காதீர்கள், அதே ஊசி வழியாக முடிந்ததை உறிஞ்சுங்கள். டாக்ஸோரூபிசின் வகைக்குக் குளிர் ஒத்தடம். மாற்று மருந்தான டெக்ஸ்ராசோக்ஸேன் 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். வின்கிரிஸ்டின் என்றால் நேரெதிர்: சூடு ஒத்தடம், ஹையலூரோனிடேஸ். இரண்டையும் மாற்றிச் செய்தால் காயம் பெரிதாகும். வின்கிரிஸ்டின் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறோம்: அது முதுகுத் தண்டுவடத் திரவத்துக்குள் போனால் ஏறத்தாழ எப்போதும் மரணம். அதனால் சிரிஞ்சில் வராமல் சிறு பையில் கலந்து வர வேண்டும் என்பதை வலியுறுத்தி 2007-இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. நீங்கள் சேரும் வார்டில் இன்னும் சிரிஞ்சில் வருகிறதென்றால் அதைக் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இனி தொற்று. வெள்ளணு எண்ணிக்கையில் நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு, ஒருமுறை 38.3 டிகிரி அல்லது ஒரு மணி நேரம் நீடிக்கும் 38 டிகிரி காய்ச்சல் என்றால், வந்து சேர்ந்த 60 நிமிடத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் உடலுக்குள் போயிருக்க வேண்டும். களிம்புக்கும் 60 நிமிடம், ஆன்டிபயாட்டிக்குக்கும் 60 நிமிடம் என்பதைக் கவனித்தீர்களா? காய்ச்சலோடு வரும் குழந்தைக்குக் களிம்பு வேலை செய்யும்வரை காத்திருக்க முடியாது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே பெற்றோரைத் தடவச் சொல்லிப் பழக்கியிருந்தால் தப்பித்தோம். இல்லையென்றால் குளிர் ஸ்பிரே, அதுவும் இல்லையென்றால் இறுக்கமான அணைப்பு. போர்ட் ஒத்துழைக்காவிட்டால் கையில் கேனுலா போட்டு மருந்தை ஆரம்பித்துவிட்டுப் பிறகு போர்ட்டைப் பாருங்கள்.

ஃப்ளஷ் செய்த சற்று நேரத்தில் குழந்தை கிடுகிடுவென்று நடுங்கினால் லைனிலேயே கிருமி குடியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு செயல்படுங்கள். ஒவ்வொரு வழியிலிருந்தும் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை). ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவோ கேண்டிடா பூஞ்சையோ வளர்ந்தால் பெரும்பாலும் போர்ட்டைக் கழற்ற வேண்டிவரும்.

ரத்தம் எடுப்பதிலும் பொறிகள் உண்டு. முதலில் வரும் 3 முதல் 5 மி.லி.யைக் கொட்டிவிடுவது வழக்கம். 8 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே 600 மி.லி. சொச்சம். தினமும் 5 மி.லி. கொட்டினால் 10 நாளில் ஏறக்குறைய 8 சதவீதம் குப்பைத்தொட்டிக்கு. இரண்டு பரிசோதனைகளை ஒரே குத்தலில், ஒரே நேரத்தில் முடிப்பது சோம்பேறித்தனமல்ல, சிகிச்சை. ஹெப்பாரின் போட்ட லைனிலிருந்து உறைவுச் சோதனைக்கு எடுத்தால் முடிவு பொய் சொல்லும். நோய் எதிர்ப்பைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் ஓடிய வழியிலேயே அதன் அளவைச் சோதிக்க எடுத்தாலும் அப்படியே. இல்லாத அளவு ஏறித் தெரியும்.

கட்டிலில் யார்?

இவ்வளவும் பொம்மை மார்பில் பழகலாம். பொம்மை அழாது. நான்கு வயதுக் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து நான்கு பேர் அமுக்கிப் பிடித்தால் வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். அடுத்த முறை இருபது நிமிடம் ஆகும், அதற்கடுத்த முறை வார்டு வாசலிலேயே கதறல் தொடங்கும். அம்மாவின் மடியில், அம்மாவின் மார்பில் முதுகு சாய்த்து உட்கார வைத்தால் போர்ட் முன்னால் இருக்கும், கைகள் இரண்டும் அம்மாவின் கைக்குள் இருக்கும். அறையில் பேசுவது ஒரே குரலாக இருக்கட்டும். "குத்தலாமா?" என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்று சொல்லும், சொன்ன பிறகும் குத்துவீர்கள். உண்மையிலேயே தரக்கூடிய தேர்வைக் கொடுங்கள்: படலத்தை நீ உரிக்கிறாயா, நான் உரிக்கட்டுமா? மூன்று எண்ணவா, ஐந்து எண்ணவா? "வலிக்காதுடா செல்லம்" என்ற பொய் ஒரு தடவைதான் செல்லுபடியாகும். "அழுத்துற மாதிரி இருக்கும், நான் மூணு சொன்னதும்" என்பது ஒவ்வொரு தடவையும் செல்லும். சில மாதங்களில் குழந்தைகளே நடைமுறையை மனப்பாடமாகச் சொல்லும். "அக்கா, நீங்க இன்னும் காயவிடல" என்று ஐந்து வயதுக் குழந்தை திருத்தினால் கையை நிறுத்திக் காயவிடுங்கள். அது சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

வேலைக்கு முன் வார்டைப் பார்க்கப் போனால்

வேலையில் சேரும் முன் ஒரு நாள் வார்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள். சுவரில் வரைந்த யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் பார்த்து மயங்காமல் ஸ்டோர் அலமாரியைப் பாருங்கள். ஹூபர் ஊசி மூன்று நீளத்திலும் இருக்கிறதா, ஒரே நீளம்தானா? கீமோ மருந்துக்கென்று சோதித்த கையுறையும் முழுக்கை கவுனும் கைக்கெட்டும் இடத்தில் உள்ளனவா? கீமோ முடிந்து 48 மணி நேரம் வரை குழந்தையின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து இருக்கும் என்பதால் டயாபர் மாற்றும் தாய்க்கும் கையுறை கொடுக்கிறார்களா? குழாய் முனையை ஒவ்வொரு முறையும் 15 வினாடி தேய்க்கிறார்களா, பேருக்கு ஒரு துடைப்பா? சும்மா நின்று மனதுக்குள் எண்ணினாலே தெரிந்துவிடும்.

கேட்க வேண்டியதில் முக்கியமானது: செவிலியர்களை மற்ற வார்டுகளுக்குச் சுழற்சியில் மாற்றுகிறார்களா? குழந்தைப் புற்றுநோய்ச் செவிலியத்துக்கான சர்வதேச அடிப்படைத் தரநிலைகள் மாற்றக் கூடாது என்கின்றன. மேலே சொன்ன விரல் உணர்வு வருவதற்கே மாதங்கள் ஆகும். வந்த பிறகு எலும்பு முறிவு வார்டுக்கு அனுப்பினால் குழந்தைகளுக்குத்தான் நஷ்டம். புதியவருக்குத் தனியாகக் கீமோ கொடுக்கவிடும் முன் வகுப்பும், மேற்பார்வையில் செய்து காட்டுவதும், எழுத்துத் தேர்வும் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். "வந்து பார்த்துப் பார்த்துக் கத்துக்கலாம்" என்று பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

மதிப்பெண்

போர்ட்டுக்கு ஐந்தில் நாலரை. அரை குறைவது, சரியாகக் கையாளாத கையிடம் அது கொஞ்சமும் இரக்கம் காட்டாது என்பதால். பூட்டுள்ள ஹூபர் ஊசிக்கு நான்கு. பூட்டில்லாததற்கு இரண்டரை, வேறு வழியில்லாத இடத்துக்கு மட்டும். அதிக அழுத்தம் தாங்கும் வகைப் போர்ட் சி.டி. ஸ்கேன் சாயத்தை வேகமாகச் செலுத்த உதவும். ஆனால் ஊசியும் அதே வகையாக இருந்தால்தான். போர்ட் தாங்கும், ஊசிக்குழாய் தாங்காது என்றால் வெடிப்பது ஊசிக்குழாய். போர்ட்டோடு வரும் அடையாள அட்டையில் எந்த வகை என்று இருக்கும். அட்டையைப் பெற்றோர் தொலைத்துவிடுவார்கள். போர்ட் பதித்த அன்றே அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஒரு நகலைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள்.